போனது பதினெட்டு, திரும்பியது?

2024 ஜனவரியில் 'மாஸ்டர்ஸ் ஆஃப் தி ஏர்' தொடர் வந்தபோது என் பையன் வாராவாரம் காத்திருந்து பார்த்தான். ஒன்பது பகுதிகள். இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்திலிருந்து ஜெர்மனி மேல் குண்டு போடப் போன அமெரிக்க விமானக் குழுக்களின் கதை. பிரம்மாண்டமான செலவு, கண்ணைப் பறிக்கும் கிராஃபிக்ஸ். "இதுக்கு முன்னாடி யாருமே இப்படி எடுத்ததில்லப்பா" என்றான். அப்பன்காரனுக்குச் சும்மா இருக்க முடியுமா? "டேய், அறுபது வருஷம் முன்னாடியே எடுத்துட்டாங்க" என்று வீம்புக்குச் சொல்லி, 'ட்வெல்வ் ஓ கிளாக் ஹை' என்கிற பழைய தொடரைத் தேடிப்பிடித்து உட்காரவைத்தேன். கறுப்பு வெள்ளை என்று தெரிந்ததும் பத்தாவது நிமிடம் எழுந்து போய்விட்டான். மாட்டிக்கொண்டது நான்தான். மொத்தம் 78 பகுதிகள்!

தலைப்புக்கு அர்த்தம் சொல்லிவிடுகிறேன். விமானிகள் திசையைக் கடிகார முள்ளை வைத்துச் சொல்வார்கள். மூக்குக்கு நேர் எதிரே பன்னிரண்டு மணி, வாலுக்குப் பின்னால் ஆறு மணி. 'பன்னிரண்டு மணி, உயரம்' என்றால் நேர் எதிரே, மேலிருந்து எதிரி பாய்ந்து வருகிறான் என்று பொருள். ஆரம்பகால பி-17 விமானங்களுக்கு முன்பக்கத் துப்பாக்கிகள் பலவீனம். ஜெர்மன்காரன் அதைக் கண்டுபிடித்து அங்கேயே அடித்தான்.

இந்தக் கதைக்கும் எனக்கும் பழைய உறவு உண்டு. தொடருக்கு முன்பே 1949ல் கிரிகரி பெக் நடித்து இதே பெயரில் படம் வந்தது. அதற்கும் முன் பெய்ர்ன் லே, சை பார்ட்லெட் இருவரும் எழுதிய நாவல். லே வெறும் எழுத்தாளர் இல்லை. 1943 ஆகஸ்ட் 17ல் ரீகன்ஸ்பர்க் மேல் குண்டு போடப் போன விமானம் ஒன்றில் அவரே உட்கார்ந்து போய்த் திரும்பி வந்தவர். அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது தியேட்டரில் அல்ல, வங்கியின் பயிற்சி வகுப்பில்! 2007ம் வருடம். நான் புதிதாகக் கிளை மேலாளர் ஆகியிருந்தேன். தலைமைப் பண்பு வகுப்பு. அமெரிக்க ராணுவத்திலும் கம்பெனிகளிலும் பல வருடங்களாகப் பாடமாகப் போட்டுக்காட்டும் படம் என்று சொல்லி விளக்கை அணைத்தார்கள்.

கதை இதுதான். குண்டுவீச்சுப் படைப்பிரிவு ஒன்று துவண்டு கிடக்கிறது. அதன் தளபதி நல்ல மனுஷன், பையன்கள்மேல் பாசம் வைத்து அவர்களைக் கடுமையாக நடத்த முடியாமல் தவிக்கிறார். அவரை மாற்றிவிட்டு ஃப்ராங்க் சேவேஜ் என்ற ஜெனரலை அனுப்புகிறார்கள். அவர் வந்ததும் எல்லோரையும் உலுக்கி எடுக்கிறார். ஒழுங்காக வேலை செய்யாதவர்களை எல்லாம் ஒரே விமானத்தில் போட்டு, அந்த விமானத்துக்கு 'லெப்பர் காலனி' என்று பெயர் எழுதவைக்கிறார். குஷ்டரோகிகள் குடியிருப்பு. இன்று கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும் பெயர். வகுப்பு எடுத்தவர் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, "பார்த்தீர்களா, டார்கெட்டை எப்படி அடைவது என்று" என்றார்.

நான் அதை அப்படியே நம்பினேன். கிளைக்குத் திரும்பியதும் டெபாசிட் டார்கெட்டில் பின்தங்கிய மூன்று பேரை ஒரே மூலைக் கவுன்டரில் உட்காரவைத்தேன். அவர்களுக்கு ஏன் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, மற்ற எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மூவரில் ஒரு பெண் இரண்டு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அவருடைய அப்பா அந்த நேரத்தில் டயாலிசிஸில் இருந்தார் என்பது அவர் போனபிறகு பியூன் சொல்லித்தான் தெரியும். நான் கேட்டதே இல்லை. அந்த வருடம் எங்கள் கிளை டார்கெட்டை எட்டியது, எனக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தது. இப்போது எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ.

இந்தப் பின்னணியோடுதான் 78 பகுதிகளையும் பார்க்க உட்கார்ந்தேன். 1964லிருந்து 1967வரை அமெரிக்காவின் ஏபிசியில் ஓடிய தொடர். தயாரித்தவர் க்வின் மார்ட்டின். ஆர்ச்பரி என்ற கற்பனை ஊர், 918வது குண்டுவீச்சுப் பிரிவு என்ற கற்பனைப் படை. நிஜத்தில் இருந்தது 306வது பிரிவு, பெட்ஃபோர்டுஷையரின் தர்லி கிராமத்தில். 306ஐ மூன்றால் பெருக்கினால் 918. எழுத்தாளர்கள் இப்படித்தான் பெயர் வைத்தார்களாம். வங்கிக்காரனுக்கு இந்த மாதிரி விஷயம் என்றால் கொள்ளைப் பிரியம் :-)

முதல் இரண்டு வருடம் கறுப்பு வெள்ளை, மூன்றாவது வருடம் கலர். விமானக் காட்சிகளில் பல போர்க்காலத்தில் எடுத்த நிஜப்படங்கள், சில 1949 படத்திலிருந்து எடுத்துக்கொண்டவை. ஒரே விமானம் ஐந்தாறு பகுதிகளில் ஒரே மாதிரி எரிந்து விழும். எனக்கு எந்த விமானம் எந்தப் பக்கம் சாயும் என்பதே மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. அந்த நிஜப்படங்களில் விழுகிற ஒவ்வொரு விமானத்திலும் பத்து நிஜ ஆட்கள் இருந்தார்கள். பையன் பார்த்த கிராஃபிக்ஸில் யாரும் இல்லை.

சேவேஜாக ராபர்ட் லான்சிங் நடித்தார். முகத்தில் சிரிப்பே வராத மனிதர். முதல் பகுதியிலேயே 'லெப்பர் காலனி' வந்துவிடுகிறது. ஜெனரலின் மகனான கேலகர் என்ற இளம் விமானி பாதிவழியில் திரும்பி வந்துவிடுகிறான். சேவேஜ் அவனைப் போட்டுத் தாளித்து, உருப்படாதவர்கள் கூட்டம் ஒன்றுக்குத் தலைவனாக்குகிறார். இரண்டாம் வருடத் தொடக்கத்தில் சேவேஜைக் கொன்றுவிட்டு அந்தக் கேலகரையே கதாநாயகன் ஆக்கினார்கள். இளமையான முகம் வேண்டும் என்று லான்சிங்கைத் தூக்கினார்களாம். வேடிக்கை என்னவென்றால், கேலகராக நடித்த பால் பர்க் லான்சிங்கைவிட இரண்டு வயது மூத்தவர்! தொலைக்காட்சிக்காரர்களின் கணக்கு நமக்குப் புரியாது.

பயிற்சி வகுப்பில் இரண்டு மணி நேரப் படத்தைக் காட்டி ஒரு பாடம் சொன்னார்கள். தொடரில் அது முடியாது. அடுத்த வாரமும் அதே சேவேஜ் அதே நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த இலக்குக்கு ஆள் அனுப்ப வேண்டும். போன வாரம் அவர் திட்டித் திருத்திய பையன் இந்த வாரம் இருப்பானா என்பது நிச்சயமில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது சண்டைக் காட்சிகள் இல்லை. காத்திருக்கிற காட்சிகள். விமானங்கள் காலையில் கிளம்பிப் போய்விடும். தரையில் மெக்கானிக்குகள், ஆம்புலன்ஸ்காரர்கள், அட்ஜுடன்ட் ஸ்டோவல் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஸ்டோவலை எனக்குப் பிடிக்கும். விமானம் ஓட்டமாட்டார், சுடமாட்டார், காகித வேலை பார்ப்பவர். நம்ம ஜாதி! பிற்பகலில் இரைச்சல் கேட்டதும் எல்லோரும் விரல் நீட்டி எண்ணுவார்கள். பதினாலு, பதினஞ்சு... போனது பதினெட்டு. இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார்கள். அப்புறம் யாரும் ஒன்றும் பேசாமல் கலைவார்கள்.

அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் உள்ள கணக்கை ஒருநாள் இரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். அமெரிக்க விமானப்படையில் அப்போது 25 பயணங்கள் முடித்தால் வீட்டுக்குப் போகலாம் (1944ல் அதை 30, 35 என்று ஏற்றினார்கள்). பி.காம் படித்தவர்களுக்கு தேய்மானம் நினைவிருக்கும். குறைந்து செல் மதிப்பு முறை என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு வருடமும் மிச்சம் இருக்கிற மதிப்பில் இத்தனை சதவீதம் கழிக்க வேண்டும். இங்கே வருடத்துக்குப் பதில் பயணம், இயந்திரத்துக்குப் பதில் ஆள். ஒரு பயணத்தில் நூற்றுக்கு நாலு பேர் திரும்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க அதிகமாகத் தெரியாது, 96 பேர் வந்துவிட்டார்களே. பத்துப் பயணம் முடிந்ததும் 66 பேர். பதினைந்தில் 54. இருபதில் 44. இருபத்தைந்தாவது முடிந்து மூட்டை கட்டும்போது 36. ஐந்து சதவீதம் என்று போட்டால் 28 பேர்தான். திரும்பாதவர்கள் எல்லோரும் செத்தவர்கள் இல்லை, பாராசூட்டில் குதித்துச் சிறைப்பட்டவர்கள் நிறையப் பேர். ஆனாலும் 1943 அக்டோபர் 14 அன்று ஷ்வைன்ஃபர்ட் பேரிங் தொழிற்சாலைகளைத் தாக்கப் போன 291 விமானங்களில் 60 வீழ்ந்தன. ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்கு. மொத்தப் போரில் எட்டாவது விமானப்படை மட்டும் 26,000 பேருக்குமேல் இழந்தது. இரவில் போன பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் இறந்தவர்கள் 55,000க்கும் அதிகம்.

இருபது வயதுப் பையன்கள். இந்தக் கணக்கு தெரிந்தும் மறுநாள் காலை மூன்று மணிக்கு எழுந்து போனார்கள். சேவேஜும் இந்தக் கணக்கு தெரிந்தேதான் அனுப்பினார். என் டார்கெட்டையும் அவருடைய டார்கெட்டையும் ஒரே சொல்லால் சொன்ன அந்தப் பயிற்சியாளர்மேல் எனக்கு இப்போது கோபம்கூட வரவில்லை. ஒரு மூலைக் கவுன்டர்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

சரி, கொஞ்சம் கொசுவர்த்திச் சுருள் சுற்றிக்கொள்கிறேன். எங்கள் ஊர் எருத்தேன்பதி. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. தாலுகா ஆபீஸ் காகிதம் மலையாளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில், சந்தைக்குப் போவது பொள்ளாச்சிக்கு. எங்களுக்கு விமானம் என்றால் சூலூர்தான். விமானப்படைத் தளத்திலிருந்து எழும்பியது எப்போதாவது தென்னந்தோப்புக்குமேல் உறுமிக்கொண்டு போகும். சத்தம் கேட்டால் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவோம். கை ஆட்டுவோம். டாட்டா சொல்லுவோம். பைலட் நம்மைப் பார்த்தான் என்று சத்தியம் செய்பவன் ஒருவன் எப்போதும் கூட்டத்தில் இருப்பான்.

அம்மாவின் ஊர் சூலூர்ப் பக்கம். போர்க்காலத்தில் அங்கே ஓடுதளம் போட்டபோது அப்பிச்சி மாட்டுவண்டியில் கல் ஏற்றிப் போனவர். பிரிட்டிஷ் கடற்படை அங்கே விமானங்களைப் பராமரிக்கத் தளம் வைத்திருந்தது. கோவைத் தளத்துக்கு 'கருடா', சூலூர்த் தளத்துக்கு 'வைரி' என்று பெயர். வெள்ளைக்காரனுக்கு யார் எடுத்துக்கொடுத்த பெயரோ, இரண்டுமே நம்ம ஊர் வேட்டைப் பறவைகள். அப்பிச்சி எங்கள் வீட்டுக்கு வந்தால் திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கதைதான். "ஏனுங் அப்பிச்சி, குண்டு போட்டாங்களா?" என்று கேட்போம். "நம்மூர்ல எதுக்குடா கண்ணு போடறான்? இங்க என்ன இருக்குது, சோளமும் தட்டும்தான்" என்று சிரிப்பார். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டபோது மெட்ராஸே பாதி காலியானது. எங்கள் பக்கம் அந்தப் பயம் எட்டிப் பார்த்ததோடு சரி. அதனால் விமானச் சத்தம் என்பது எனக்கு வாசலுக்கு ஓடுகிற சத்தமாகவே இருந்துவிட்டது.

லண்டனுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர். அறுபதை நெருங்குபவர். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வந்தாரென்றால் தேநீர், கொஞ்சம் அரசியல், கொஞ்சம் பழைய பாட்டு. அன்றைக்கு நான் தொடரின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தேன். புதிதாக வாங்கிய ஸ்பீக்கர் வேறு. பதினெட்டு பி-17களும் ஒன்றாகக் கிளம்புகிற காட்சி. நான்கு எஞ்சின் வீதம் கூட்டிப் பாருங்கள், வீடே அதிர்ந்தது. நான் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். அண்ணா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, உந்தச் சத்தத்தை ஒருக்காக் குறைச்சுவிடும்."

"தலைவலியா அண்ணா?"

"இல்லை. பொம்பர் சத்தமெல்லோ."

நிறுத்தியே விட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவர் பிறகு தானாகவே சொல்ல ஆரம்பித்தார். 1990க்குப் பிறகு எந்த நேரத்தில் வரும் என்றே தெரியாதாம். சின்னப் பிள்ளைக்குக்கூடச் சத்தத்தை வைத்தே எந்த விமானம் என்று சொல்லத் தெரியும். மெல்ல, கடகடவென்று வருவதற்கு சகடை என்று பெயர். அது பீப்பாய்க் குண்டு உருட்டிவிடும். பிறகு புக்காரா, கிபிர் என்று ஒவ்வொன்றாக வந்தன. வளவுக்குள் 'ட' வடிவில் பங்கர் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி மண் போட்டிருந்தார்கள். நேராக வெட்டினால் சிதறுகிற துண்டு உள்ளே வந்துவிடும், மடக்கி வெட்டினால் தப்பலாம்.

"அம்மா எண்ணிக்கொண்டு இருப்பா. இவன் நாலு கொண்டு வந்தவன், மூண்டு போட்டிட்டான், இன்னும் ஒண்டு கிடக்கு எண்டு. நாலாவது விழுந்தாப் பிறகுதான் எங்களை வெளியில விடுவா."

"நாலுதான் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"அவவுக்கு என்ன தெரியும்? ஏதோ ஒரு கணக்கு. எண்ணாமல் இருந்தா விசர் பிடிச்சிடும் தம்பி."

1995 ஜூலை 9 அன்று நவாலியில் சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மேல் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இதை அண்ணா சொல்லவில்லை, பிறகு நானாகத் தேடிப் படித்தேன். அதற்கு மூன்று மாதம் கழித்து யாழ்ப்பாணமே காலியானபோது அவரும் நடந்து வெளியேறியவர் என்று அண்ணி ஒருமுறை என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகும் மீதித் தொடரைப் பார்த்து முடித்தேன், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. மோசமான தொடர் என்று சொல்ல மனம் வரவில்லை. போனவனுடைய பயம், அனுப்பியவனுடைய தூக்கமின்மை, இரண்டையும் அவ்வளவு நேர்மையாகக் காட்டிய வேறு தொலைக்காட்சித் தொடரை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு முறை கேமரா குண்டறை வழியாகக் கீழே பார்க்கும்போதும் புகைக்கடியில் யாரோ ஒரு அம்மா எண்ணிக்கொண்டு இருப்பாள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. சேவேஜின் இலக்கு எப்போதும் தொழிற்சாலையோ ரயில் நிலையமோதான். குறி பார்த்துப் போடுகிறோம் என்று அமெரிக்கர்கள் சொன்னார்கள், 25,000 அடி உயரத்திலிருந்து, மேகத்துக்கு நடுவே. நிஜத்தில் 1943 ஜூலையில் ஒரே வாரத்தில் ஹாம்பர்க்கில் செத்தவர்கள் 30,000க்கும் மேல், அதில் பெரும்பங்கு பிரிட்டிஷ்காரர்களின் இரவுத் தாக்குதலால். ஹிட்லரை நிறுத்தியாக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தரையில் நின்று எண்ணுகிற ஸ்டோவலுக்கு ஒரு நல்ல நடிகரைப் போட்டவர்கள், அந்தப் பக்கம் எண்ணுபவர்களுக்கு ஒரு முகமும் வைக்கவில்லை, அவ்வளவுதான். அறுபதுகளின் அமெரிக்கத் தொலைக்காட்சியிடம் அதை எதிர்பார்ப்பது அதிகமாகவும் இருக்கலாம்.

போன கோடை விடுமுறையில் பையனை ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். நுழைவுக் கட்டணம் கிடையாது, வண்டி நிறுத்தத்தான் காசு. அண்ணாவைக் கூப்பிட எனக்குத் தயக்கம். பையன் போய்க் கூப்பிட்டுவிட்டான். "வாறன்" என்று சொல்லிவிட்டார், அண்ணி உட்பட எல்லோருக்கும் ஆச்சரியம்.

அங்கே பி-17 ஒன்று நிற்கிறது. தொடரில் பார்த்ததைவிடச் சிறியதாக இருந்தது. பத்துப் பேர் எப்படித்தான் உள்ளே அடைந்தார்களோ. நாங்கள் போனபோது லிபரேட்டர் ஒன்றும் நின்றது. அதன் கதை தனிக்கதை. போர் முடிந்ததும் பிரிட்டிஷ்காரர்கள் கான்பூரில் ஏகப்பட்ட லிபரேட்டர்களைச் சேதப்படுத்திவிட்டுக் கைவிட்டுப் போனார்கள். பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட்காரர்கள் அவற்றில் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றைச் சரிசெய்து பறக்கவைத்தார்கள். 1968வரை அவை நம் விமானப்படையில் இருந்தன. அதில் ஒன்றை 1974ல் இந்தியா இவர்களுக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டது. உடைத்துவிட்டுப் போனவனுக்கே ஒட்டிக் கொடுத்திருக்கிறோம்! இதை நான் பையனுக்குச் சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அண்ணாவைக் காணவில்லை.

லங்காஸ்டர் ஒன்றின் மூக்குக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். போய் வந்த ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு சின்னக் குண்டுப் படம் என்று வரிசை வரிசையாக வரைந்திருக்கிறார்கள். 137 முறை போய்த் திரும்பிய விமானம் அது. தேய்மானக் கணக்கை எல்லாம் ஏமாற்றிய விமானம். அண்ணா அண்ணாந்து பார்த்து, விரலை லேசாக அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார். பையன் பக்கத்தில் போய், "பெரியப்பா, நூத்தி முப்பத்தேழு, பலகையில எழுதியிருக்கு" என்றான்.

"பொறும் தம்பி, விட்டிடுவன்" என்று அவனை ஒரு கையால் தடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். நாங்கள் இருவரும் நின்றோம். முடித்துவிட்டு, "சரிதான்" என்றார். பிறகு, இங்கே தேத்தண்ணி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.